கயோட்டிக்கு எந்தத் தோட்டா? டெக்சாஸில் புதிதாக ஷாட்கன் எடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன பிப்ரவரியில் ஒரே வாரத்தில் மூன்று ஆட்டுக்குட்டிகளைக் கயோட்டி தூக்கிக்கொண்டு போனது. ஆஸ்டினுக்கு வடமேற்கே பர்னெட் பக்கம் 14 ஏக்கர் நிலம் வாங்கி ஆடு வளர்க்கிறோம். கயோட்டி நம் ஊர் நரியைவிடப் பெரியது, ஓநாயைவிடச் சிறியது. குட்டி போடும் காலத்தில் ஆட்டுப் பட்டியின் வாசம் அதற்கு ஒரு மைல் தாண்டியும் தெரியும் போல.

அவசரத்தில் ஒரு ஷாட்கன் வாங்கினேன். அதைவிட அவசரத்தில் தோட்டா வாங்கினேன். அந்தத் தோட்டா தவறானது என்று எனக்கு அப்போது தெரியாது. நான்காம் நாள் விடியற்காலையில் சுமார் 45 கஜத்தில் ஒரு கயோட்டியைச் சுட்டேன். விழுந்தது, எழுந்தது, பின்னங்காலை இழுத்துக்கொண்டு சீடர் புதருக்குள் போய்விட்டது. பொழுது சாயும் வரை தேடினேன், கிடைக்கவில்லை. அது எத்தனை நாள் அந்தக் காலோடு அலைந்து செத்ததோ என்று இன்றும் நினைக்கிறேன். அப்படி ஒரு உயிரை அரைகுறையாக அடித்து அனுப்புவது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டைக் காப்பாற்றுவதில் நல்ல வேலியும் காவல் நாயும்தான் முதல் மருந்து. அவை இரண்டும் இருந்தும் போதவில்லை என்றால் மேலே படியுங்கள். இதில் உள்ள சட்ட விவரங்கள் டெக்சாஸுக்கானவை. வேறு மாநிலத்தில் இருந்தால் 9-ஆம் பகுதியையும் பார்த்துவிடுங்கள்.

1. தோட்டாவைத் தொடும் முன் விசாவைப் பாருங்கள்

குடியுரிமையோ கிரீன் கார்டோ வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் ஒரு வரி விடாமல் படியுங்கள்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, தற்காலிக விசாவில் வந்தவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது. நம் ஆட்கள் பலருக்கு முதல் பாதி தெரியும், இரண்டாம் பாதி தெரியாது. நண்பர் காரில் விட்டுப்போன ஒரு பெட்டித் தோட்டாவை எடுத்து வீட்டில் வைப்பதும் குற்றம்தான்.

இதற்குச் சில விலக்குகள் உண்டு. நமக்குப் பயன்படுவது ஒன்று: அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். அது கையில் இருந்தால் வாங்கலாம், வைத்திருக்கலாம்.

இதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. டெக்சாஸ் உரிமம் பொதுவாக ஆகஸ்ட் 31-ஆம் தேதி முடிந்துவிடும், நீங்கள் ஜூலையில் வாங்கியிருந்தாலும் அப்படித்தான். செப்டம்பர் 1 காலையில் உரிமம் புதுப்பிக்கப்படாமல், அலமாரியில் தோட்டா மட்டும் இருந்தால் உங்கள் விலக்கு போய்விட்டது. புது ஆண்டுக்கான உரிமம் ஆகஸ்ட் நடுவிலேயே விற்பனைக்கு வந்துவிடும். கைபேசியில் ஆகஸ்ட் 20-க்கு ஒரு நினைவூட்டல் போட்டு வையுங்கள்.

இரண்டாவது பொறி இன்னும் நுட்பமானது. கால்நடையைத் தாக்கும், தாக்கப்போகும், அல்லது சமீபத்தில் தாக்கிய கயோட்டியைச் சுட டெக்சாஸில் வேட்டை உரிமமே தேவையில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் இதைத்தான் உங்களிடம் சொல்வார், அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அது குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் போதும். தற்காலிக விசாவில் இருப்பவருக்கு அந்த உரிமம்தான் துப்பாக்கியைத் தொடவே அனுமதி. மாநிலம் கேட்காவிட்டாலும் வாங்கித்தான் ஆக வேண்டும்.

துப்பாக்கி வாங்கும்போது கடையில் படிவம் 4473 நிரப்பச் சொல்வார்கள். தற்போதைய முகவரி உள்ள ஓட்டுநர் உரிமம், கிரீன் கார்டு இருந்தால் அதன் எண், தற்காலிக விசா என்றால் கடவுச்சீட்டு, ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்த பதிவு) எண், வேட்டை உரிமம் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். ஓட்டுநர் உரிமத்தில் பழைய அபார்ட்மென்ட் முகவரி இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். படிவத்தில் ஒரு கேள்விக்குப் பொய்யான பதில் எழுதினாலும் அது பெருங்குற்றம், குடிவரவு விண்ணப்பத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பின்னணிச் சோதனை சிலருக்குச் சில நிமிடங்களில் முடியும். எனக்கு நான்கு நாட்கள் ஆயிற்று. ஆகவே ஆட்டுக்குட்டி போன மறுநாள் கடைக்கு ஓடினால் அன்றே துப்பாக்கியோடு திரும்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

விசாவுக்கும் கிரீன் கார்டுக்கும் நடுவில் விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர்கள் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது. ஆலோசனைக் கட்டணம் தோட்டாவைவிட அதிகம்தான், ஆனாலும் கேளுங்கள்.

2. வேட்டை உரிமம்

டெக்சாஸில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வசித்திருந்தால் நீங்கள் உள்ளூர்வாசி. உரிமம் 25 டாலர். சமூகப் பாதுகாப்பு எண் கேட்பார்கள். இணையத்தில் எடுக்கலாம், பெரிய விளையாட்டுப் பொருள் கடைகளிலும் எடுக்கலாம்.

ஆறு மாதம் ஆகாதவர்களும் வேறு மாநிலத்துக்காரர்களும் இங்கே ஏமாந்துபோகிறார்கள். வெளிமாநிலத்தவருக்கான பொது உரிமம் 315 டாலர். கடையில் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். ஆனால் டெக்சாஸ் கணக்கில் கயோட்டி மான், வான்கோழி போல வேட்டை விலங்கு வகையில் வராது. கயோட்டி மட்டும்தான் என்றால் ஐந்து நாள் சிறப்பு உரிமம் 48 டாலருக்கும், ஆண்டுச் சிறப்பு உரிமம் 132 டாலருக்கும் கிடைக்கும். பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டைக் கல்வி வகுப்பை முடித்திருக்க வேண்டும். 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் முழுவதையும் இணையத்திலேயே முடிக்கலாம், ஒரு சனிக்கிழமை போதும். நேரமில்லை என்றால் 10 டாலர் கட்டி ஒரு முறை மட்டும் தள்ளிப்போடலாம். ஆனால் அந்த ஆண்டு முழுவதும் வகுப்பு முடித்த, உரிமம் உள்ள ஒருவர் உங்களோடு கூட இருக்க வேண்டும். தள்ளிப்போடாதீர்கள். தோட்டாப் பெட்டியில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த வகுப்புதான். முதலிலேயே படித்திருந்தால் அந்தக் கயோட்டி நொண்டிக்கொண்டு போயிருக்காது.

கயோட்டிக்குக் குறிப்பிட்ட வேட்டைப் பருவம் கிடையாது, ஆண்டு முழுவதும் சுடலாம். உங்கள் நிலம் இல்லையென்றால் உரிமையாளரிடம் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதும் என்று அவரே சொன்னாலும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வண்டியில் வைத்திருங்கள்.

3. குழலில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

தோட்டா வாங்கப் போகும் முன் துப்பாக்கிக் குழலின் பக்கவாட்டில் பொறித்திருப்பதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு விஷயம் இருக்கும்: கேஜ், அறையின் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) நீளம்.

கேஜ் என்பது குழலின் விட்டம். எண் குறைந்தால் குழல் பெரிது. 12 கேஜ் சுமார் 18.5 மில்லிமீட்டர், 20 கேஜ் சுமார் 15.6 மில்லிமீட்டர். புதிதாக வாங்குகிறவர்களுக்கு 12 கேஜ்தான் என் பரிந்துரை, கயோட்டிக்கான தோட்டாக்களில் பெரும்பாலானவை அதற்குத்தான் வருகின்றன. சுடும்போது தோளில் விழும் உதையை அதிகம் தாங்காதவர்கள் 20 கேஜ் எடுக்கலாம், அதில் எண் 3 பக்‌ஷாட் கிடைக்கும், ஒரு தோட்டாவில் 20 ரவை (இந்தப் பெயர்களை அடுத்த பகுதியில் விளக்குகிறேன்). அப்படி எடுத்தால் 30 கஜத்துக்குள் நின்றுகொள்ளுங்கள். இவற்றைவிடச் சின்னக் குழலான 410 வேண்டாம்.

வீட்டில் இரண்டு கேஜும் இருந்தால் மிகமிகக் கவனம். 20 கேஜ் தோட்டாவைத் தெரியாமல் 12 கேஜ் துப்பாக்கியில் போட்டால் அது அறையைத் தாண்டி வழுக்கிப் போய்க் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். பின்னாலிருந்து பார்த்தால் அறை காலியாகத் தெரியும். அடுத்து 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கை போய்விடும். 20 கேஜ் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான். ஒரே சட்டைப் பையில் இரண்டையும் போடவே போடாதீர்கள்.

அடுத்து நீளம். 12 கேஜில் 2¾, 3, 3½ அங்குலம் என்று மூன்று வரும். உங்கள் துப்பாக்கியில் 3 அங்குலம் என்று எழுதியிருந்தால் 2¾-உம் 3-உம் போடலாம், 3½ போடக் கூடாது. "உள்ளே போகவில்லை என்றால்தானே பிரச்சினை, போகிறதே" என்று நினைப்பீர்கள். பெட்டியில் எழுதியிருக்கும் நீளம் சுட்ட பிறகு வாய் விரிந்த நிலையின் நீளம். சுடாத தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் நீளமானதும் சின்ன அறைக்குள் அழகாக உட்கார்ந்துவிடும். சுடும்போதுதான் வாய் விரிய இடமில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறும்.

3½ அங்குலத்தை விரட்டிக்கொண்டு போக வேண்டாம் என்பது என் கருத்து. விலையும் அதிகம், தோளில் உதையும் அதிகம். உதைக்குப் பயந்து கண்ணை மூடுகிறவருக்கு எத்தனை ரவை இருந்தும் பயனில்லை. 3 அங்குலம் தாராளமாகப் போதும்.

4. ரவை எண்: நான் தவறு செய்த இடம்

ஷாட்கன் தோட்டாவுக்குள் ஒற்றைக் குண்டு இல்லை, பல சின்ன உருண்டைகள் இருக்கும். இவற்றை இந்தக் கட்டுரையில் ரவை என்றே சொல்கிறேன். சைக்கிள் கடையில் பார்த்த பால்ரஸ் குண்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் ஈயத்தில்.

ரவையில் இரண்டு குடும்பம். சிறியது பேர்ட்‌ஷாட், பறவைக்கு. பெரியது பக்‌ஷாட், மானுக்கு என்று வந்த பெயர். இரண்டுக்கும் தனித்தனி எண் வரிசை உண்டு. இரண்டிலும் எண் கூடினால் ரவை சிறுக்கும். இரண்டு வரிசையிலும் "எண் 4" இருக்கிறது.

பக்கத்துப் பண்ணைக்காரர் என்னிடம் "நம்பர் ஃபோர் வாங்கு" என்றார். கடைக்குப் போய் அதையே சொன்னேன். கடையில் இருந்தவர் எதற்கு என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் கொடுத்தது எண் 4 பேர்ட்‌ஷாட், காட்டுக்கோழி சுடுவதற்கானது. பண்ணைக்காரர் சொன்னது எண் 4 பக்‌ஷாட். பேர்ட்‌ஷாட் ரவையின் விட்டம் 0.13 அங்குலம், அதாவது 3.3 மில்லிமீட்டர். எண் 4 பக்‌ஷாட் 0.24 அங்குலம், 6.1 மில்லிமீட்டர். விட்டத்தில் இரண்டு மடங்குகூட இல்லையே என்று தோன்றும். எடையில் ஒரு ரவைக்கு ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம். நான் 45 கஜத்தில் சுட்டபோது அந்தச் சின்ன ரவை கயோட்டியின் ரோமத்தையும் தோலையும் தாண்டி நெஞ்சுக்குள் போகும் வேகத்தை இழந்துவிட்டிருந்தது.

பேர்ட்‌ஷாட் எண்ணை விட்டமாக மாற்ற ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது. 17-லிருந்து எண்ணைக் கழியுங்கள், விடை அங்குலத்தில் நூறில் எத்தனை பங்கு என்று வரும். எண் 4 என்றால் 13, எண் 2 என்றால் 15. பக்‌ஷாட்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது. எப்படியும் கடையில் எண்ணை மட்டும் சொல்லாதீர்கள், "கயோட்டிக்கு, 12 கேஜ், 3 அங்குலம், எண் 4 பக்‌ஷாட்" என்று முழுவதாகச் சொல்லுங்கள். பெட்டியில் ரவையின் எண்ணிக்கை போட்டிருந்தால் அது பக்‌ஷாட், அவுன்ஸ் கணக்கு போட்டிருந்தால் பெரும்பாலும் பேர்ட்‌ஷாட். இதையும் ஒரு முறை சரிபாருங்கள்.

கயோட்டிக்கு நடைமுறையில் நீங்கள் பார்க்க வேண்டியவை நான்குதான்.

பிபி ரவை, 0.18 அங்குலம். 1½ அவுன்ஸ் ஈயத் தோட்டாவில் சுமார் 75 ரவை இருக்கும். எண்ணிக்கை தாராளம், கிட்டத்தில் மிக நன்றாக அடிக்கும். கயோட்டிக்கு என்றே விற்கும் ஹார்னடி, வின்செஸ்டர் தோட்டாக்களில் இந்த அளவு கிடைக்கும்.

டி ரவை, 0.20 அங்குலம். இது பெரும்பாலும் டங்ஸ்டன் கலவையில் வரும். அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

எண் 4 பக்‌ஷாட், 0.24 அங்குலம். 2¾ அங்குலத் தோட்டாவில் 27 ரவை, 3 அங்குலத்தில் 41. விலைக்கும் வேலைக்கும் பொருத்தம் பார்த்தால் புதியவருக்கு இதுதான்.

டபுள் ஆட், அதாவது இரட்டைச் சுழி பக்‌ஷாட், 0.33 அங்குலம். கடை அலமாரியில் கண்ணில் படுவது இதுதான். ஒரு ரவை நெஞ்சில் பட்டாலே போதும் என்பார்கள், உண்மைதான். ஆனால் 2¾ அங்குலத்தில் பொதுவாக 9 ரவை, 3 அங்குலத்தில் 15 வரை. 40 கஜத்தில் அவை சிதறும்போது நடுவில் ஒரு கயோட்டி நிற்கும் அளவுக்கு இடைவெளி விழும். கயோட்டி ரோமத்தால்தான் பெரிதாகத் தெரிகிறது, உள்ளே இருக்கும் நெஞ்சுக்கூடு ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான். நான் டபுள் ஆட் வாங்குவதில்லை.

5. முதலில் தூரம், பிறகு உலோகம்

எந்த உலோகம் நல்லது என்று கடையில் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள். அதற்கு முன் உங்கள் நிலத்தில் கயோட்டி எங்கிருந்து வருகிறது, நீங்கள் எங்கே உட்காருவீர்கள், நடுவில் எத்தனை கஜம் என்று அளந்துவிடுங்கள். ஒரு கஜம் மூன்று அடி, சாதாரண ஆளின் ஒரு பெரிய எட்டு. நான் பட்டியிலிருந்து 35 கஜத்தில் ஒரு ஆரஞ்சு ரிப்பனை மெஸ்கீட் மரக் கிளையில் கட்டியிருக்கிறேன். கயோட்டி அதைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால்தான் துப்பாக்கி மேலே வரும்.

எல்லாமே 40 கஜத்துக்குள் என்றால் ஈயம் போதும். நிக்கல் பூச்சு உள்ள ஈயம் கிடைத்தால் இன்னும் நல்லது, ரவை குழலுக்குள் நசுங்காமல் நேராகப் போகும்.

எஃகு ரவை விலை குறைவு. ஆனால் ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11 கிராமுக்கு மேல், எஃகு 7.8 கிராம்தான். இலேசானது சீக்கிரம் வேகம் இழக்கும். வாத்து வேட்டைக்காரர் யாராவது மிச்சமிருக்கும் எஃகுத் தோட்டாவைக் கொடுத்தால், அது பிபியாகவே இருந்தாலும், ஈய பிபி செய்யும் வேலையை அதே தூரத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

டங்ஸ்டன் கலவை ஈயத்தைவிடக் கனம், 12 கிராமிலிருந்து 18 வரை போகும். பெட்டிகளில் 60, 70 கஜம் என்று பெருமையாக அச்சிட்டிருப்பார்கள். ரவைக்கு அந்தத் தெம்பு இருக்கலாம். ஆனால் அந்தத் தூரத்தில் சிதறல் எப்படி விழும் என்பது உங்கள் துப்பாக்கியைப் பொறுத்தது, புதியவருக்குத் தூரத்தைக் கண்ணால் சரியாக மதிப்பிடவும் வராது. முதல் ஆண்டு 40 கஜத்தோடு நில்லுங்கள்.

இன்னொரு கணக்கையும் போடுங்கள், இது பலருக்குத் தோன்றுவதே இல்லை. குறி தவறிய ரவை எவ்வளவு தூரம் போகும்? ரவையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து 2200-ஆல் பெருக்கினால் அதிகபட்சத் தூரம் கஜத்தில் கிடைக்கும் என்பது ஜூர்னே சூத்திரம். பிபிக்கு சுமார் 396 கஜம், எண் 4 பக்‌ஷாட்டுக்கு 528, டபுள் ஆட்டுக்கு 726. என் 14 ஏக்கரைச் சதுரமாக வைத்தால் ஒரு பக்கம் சுமார் 260 கஜம். அதாவது நான் சுடும் எந்தத் தோட்டாவும் என் வேலியைத் தாண்டிப் போக முடியும். டெக்சாஸில் உங்கள் ரவை எல்லையைத் தாண்டிப் பக்கத்து நிலத்தில் விழுந்தால், அவரிடம் எழுத்தில் ஒப்புதல் இல்லாவிட்டால் அது குற்றம். அதனால் பின்னால் மண்மேடு இருக்கும் திசையில் மட்டும், கீழ்நோக்கித்தான் சுடுகிறேன். நகர எல்லைக்குள் நிலம் இருந்தால், அல்லது வெளியே இருந்தாலும் 10 ஏக்கரும் அதற்குக் குறைவுமான மனைப்பிரிவு என்றால், சுடவே தடை இருக்கலாம். கவுண்டி (மாவட்ட) அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தோட்டா வாங்குங்கள்.

6. சோக்

குழல் முனையில் திருகி மாட்டும் சின்னக் குழாய் சோக். சிதறலை எவ்வளவு இறுக்குவது என்பதை அது தீர்மானிக்கும். தளர்விலிருந்து இறுக்கம் வரை சிலிண்டர், இம்ப்ரூவ்டு சிலிண்டர், மாடிஃபைடு, ஃபுல் என்று போகும்.

ஃபுல் போட்டால்தான் தூரத்தில் நெருக்கமாக விழும் என்று நானும் நினைத்தேன். பெரிய ரவைகள் இறுக்கமான வாயில் ஒன்றோடொன்று முட்டி நசுங்கித் தாறுமாறாகப் போகின்றன. மாடிஃபைடில் தொடங்குங்கள். வான்கோழிக்கான மிக இறுக்கமான சோக்கில் பக்‌ஷாட்டைச் சுடாதீர்கள். எஃகு, டங்ஸ்டன் போன்ற கடின ரவைக்கு அந்த சோக் ஏற்றதா என்று சோக்கின் மேலேயே எழுதியிருக்கும், எழுதியிருக்காவிட்டால் போடாதீர்கள். ஃபெடரல் என்ற நிறுவனத்தின் ஃப்ளைட்கண்ட்ரோல் வகைத் தோட்டா தன்னிடமுள்ள பிளாஸ்டிக் கிண்ணத்திலேயே ரவைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போகும், அதற்கும் இறுக்கமான சோக் ஆகாது.

7. காகிதத்தில் சுட்டுப் பாருங்கள்

இதைச் செய்யாமல் விலங்கின் முன் நிற்கக் கூடாது. ஒரே தோட்டா, ஒரே சோக், ஒரே நிறுவனத்தின் இரண்டு துப்பாக்கிகளில்கூடச் சிதறல் வேறுபடும். பெட்டியோ கடைக்காரரோ நானோ உங்கள் துப்பாக்கிக்குப் பதில் சொல்ல முடியாது.

கறிக்கடையில் பொட்டலம் கட்டும் பழுப்புக் காகிதச் சுருள் ஒன்று வாங்குங்கள், 6 டாலர். மூன்றடிக்கு மூன்றடியாக வெட்டி, நடுவில் 10 அங்குல வட்டம் வரையுங்கள். சோற்றுத் தட்டைக் கவிழ்த்து வரைந்தாலே போதும். அந்த வட்டம்தான் கயோட்டியின் நெஞ்சு. 25, 30, 35, 40 கஜத்தில் நட்டு, ஒவ்வொரு தூரத்துக்கும் மூன்று தாளாவது சுடுங்கள். ஒரு தாளை வைத்து முடிவு செய்யாதீர்கள். வட்டத்துக்குள் விழுந்த துளைகளை எண்ணித் தாளிலேயே தோட்டா, சோக், தூரம், தேதி எழுதுங்கள்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: மூன்று தாளிலும் வட்டத்துக்குள் பக்‌ஷாட் என்றால் குறைந்தது 5, பிபி என்றால் குறைந்தது 8. அது எந்தத் தூரம் வரை கிடைக்கிறதோ அதுவே என் எல்லை. என் துப்பாக்கியில், மாடிஃபைடு சோக்கில், 40 கஜத்தில் டபுள் ஆட் 2, 1, 2 என்று விழுந்தது. 41 ரவை எண் 4 பக்‌ஷாட் 4, 5, 4. ஐந்து கஜம் முன்னால் வந்து சுட்டேன், 6, 6, 7. அந்த ரிப்பன் 35 கஜத்தில் தொங்குவது இதனால்தான்.

சொந்த நிலம் இல்லாதவர்கள் திறந்தவெளி ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போன் செய்து, "பக்‌ஷாட் சுட்டு சிதறல் பார்க்கலாமா" என்று கேட்டுவிட்டுப் போங்கள். கூரைக்குள் இருக்கும் பல ரேஞ்சுகளில் இதை அனுமதிக்க மாட்டார்கள். கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம்.

8. வாங்குவதும் செலவும்

டெக்சாஸில் ஷாட்கன் தோட்டா வாங்கத் தனி அனுமதியோ பின்னணிச் சோதனையோ இல்லை. உரிமம் பெற்ற கடையில் 18 வயது ஆகியிருக்க வேண்டும், அடையாள அட்டை கேட்பார்கள்.

ஒரே வகையில் 50 வாங்காதீர்கள். முதலில் மூன்று வகையில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிச் சுட்டுப் பார்த்துவிட்டு, பிடித்ததை அதே நிறுவனம், அதே எடை, அதே வேகத்தில் மொத்தமாக வாங்குங்கள். என் ரசீதில் இருந்த விலை: எண் 4 பக்‌ஷாட் 5 தோட்டா 9 டாலர், நிக்கல் பூச்சு பிபி 10 தோட்டா 24 டாலர், டங்ஸ்டன் டி ரவை 10 தோட்டா 46 டாலர். மாடிஃபைடு சோக் 32 டாலர். விற்பனை வரி 8.25 சதவீதம் வரை வரும். உரிமத்தையும் சேர்த்தால் துப்பாக்கி நீங்கலாகச் சுமார் 145 டாலர் ஆனது.

இணையத்தில் விலை குறைவாகத் தெரியும். தோட்டா கனமான சரக்கு, அமெரிக்கத் தபால் துறை அதை ஏற்காது, தனியார் கூரியரில் தரைவழியாகத்தான் வரும். அனுப்பும் செலவைச் சேர்த்துப் பாருங்கள். குட்டி போடும் காலம் நெருங்கும்போது வாங்க ஓடாமல், அக்டோபரிலேயே தொடங்கினால் வகுப்பு, உரிமம், சோதனைச் சுடல் எல்லாம் நிதானமாக முடியும்.

9. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள்

கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்தக் காட்டு விலங்கைச் சுடவும் ஈயத் தோட்டா கூடாது. அங்கே மேலே நான் சொன்ன ஈயக் கணக்கு முழுவதும் உதவாது, டங்ஸ்டன், பிஸ்மத், எஃகு இவற்றில்தான் பார்க்க வேண்டும். இல்லினாயில் தோட்டா வைத்திருக்கவே மாநில அடையாள அட்டை வேண்டும். நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல் தோட்டா வாங்கவும் பின்னணிச் சோதனை உண்டு. எந்த மாநிலமானாலும் வனவிலங்குத் துறையின் அந்த ஆண்டுக் கையேட்டைப் பதிவிறக்கி, ரவை அளவு பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள். சில இடங்களில் பொது நிலத்தில் பக்‌ஷாட்டுக்குத் தடை இருக்கும்.

10. வைக்கும் இடம், கார், விமானம்

தோட்டாவை அதன் பெட்டியிலேயே, துப்பாக்கியிலிருந்து தனியாகப் பூட்டி வையுங்கள். உலர்ந்த இடமாக இருக்கட்டும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் சாவி உங்கள் உடம்பில் இருக்க வேண்டும். வேட்டைக்குப் போட்ட கோட்டை அப்படியே கொடியில் மாட்டாதீர்கள், ஒவ்வொரு பையையும் கவிழ்த்துக் கொட்டுங்கள். வாத்து வேட்டைக்கும் அதே கோட்டைப் போடுகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. வாத்து சுடும்போது பையில் ஈயத் தோட்டா இருந்தாலே கூட்டாட்சி விதிப்படி அபராதம்.

அடுத்தது ஊருக்குப் போகும் நம் எல்லோருக்கும். ரேஞ்சுக்கு எடுத்துப்போன முதுகுப்பையை ஒருபோதும் விமானப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். பையின் அடி மடிப்பில் ஒரே ஒரு தோட்டா கிடந்து, இந்திய விமான நிலையச் சோதனையில் அது படத்தில் தெரிந்தால், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி வழக்கு வரும். "மறந்துவிட்டேன்" என்று சொல்லிப் பார்க்கலாம், ஆனால் அதை நிரூபிக்க விடுமுறை முழுவதும் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடக்க வேண்டியிருக்கும். சுட்ட வெற்று உறையும் பிரச்சினைதான். நான் வேட்டைக்கென்று ஒரு பச்சைப் பையை ஒதுக்கி, அது கொட்டகையை விட்டு வீட்டுக்குள் வராதபடி வைத்திருக்கிறேன். சென்னைக்குக் கிளம்பும் முன்தினம் மற்றப் பெட்டிகளை, குழந்தைகளின் பள்ளிப் பை உட்பட, வெளிச்சத்தில் திறந்து ஒவ்வொரு ஜிப்பிலும் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் துணி அடுக்குகிறோம்.